சிங்கப்பூர் எடை

பூமியைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது சொன்ன சொல் மாறாமல் நாளுக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஏமாற்றியதெல்லாம் அதன்மேல் நின்றுகொண்டிருந்த என் வீட்டு மனிதர்கள். இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், எழுதிவிடுகிறேன்.

சங்கராபுரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். பதினோராம் வகுப்பில் ஈர்ப்பு விசை என்று ஒரு பாடம். அதில் ஓர் இடம் வரும். பூமி சுற்றுவதால் நிலநடுக்கோட்டில் நிற்பவனுக்கு எடை கொஞ்சம் குறையும், துருவத்தில் நிற்பவனுக்கு அந்தக் குறைச்சல் கிடையாது. நடுக்கோட்டில் நிற்பவன்தான் இருப்பதிலேயே பெரிய வட்டத்தைச் சுற்றி வருகிறான், மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலே. அந்த வேகத்தில் அவன் நேர்கோட்டில் பறந்து போய்விடாமல் வட்டத்திலேயே பிடித்து வைக்க, பூமி தன் இழுப்பில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. மீதி இழுப்புதான் தராசை அழுத்தும். போதாததற்கு, சுற்றிச் சுற்றியே பூமி இடுப்பில் பருத்துக் கிடப்பதால் நடுக்கோட்டுக்காரன் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளியும் நிற்கிறான். அதிலும் ஒரு குறைச்சல்.

இந்த இடம் வந்தால் எனக்குக் கை கால் நிற்காது. திருவிழா ராட்டினம் போல வகுப்பு நடுவில் சுற்றிக் காட்டுவேன். "இப்ப சுத்துறத விட பதினேழு மடங்கு வேகமா சுத்தினா நடுக்கோட்டுல இருக்கறவனுக்கு வெயிட்டே இருக்காது!" என்று கையை விரித்துச் சொல்வேன். துருவத்தில் ஆயிரம் கிராம் காட்டுகிற பொருள் நடுக்கோட்டில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே காட்டும் என்பேன். வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை, "மிஸ், அப்ப குண்டா இருக்கறவங்க அங்க போயிட்டா போதுமா?" என்று கேட்கும். வகுப்பே சிரிக்கும். நம் ஊரே நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இங்கிருந்து அங்கே போனால் ஒன்றும் பெரிதாகக் குறையாது என்பதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் சுவாரசியம் போய்விடும்.

அந்த வகுப்பில் ஒரு வருஷம் மூன்றாவது பெஞ்சில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அப்பா போனபிறகு அவனுக்கு அப்பா மாதிரியும் இருந்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிப்ளமா முடித்தான். எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. மேலாளர் முறைத்தார், சாப்பாடு சரியில்லை, ரூமில் மூட்டைப்பூச்சி என்று ஏதாவது ஒரு காரணத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். ஒருநாள் எனக்குப் பொறுமை போயிற்று. "ஊர்ல அத்தினி பேரும் சிங்கப்பூர் போறான், நீ இன்னாடா வூட்டச் சுத்திக்கினு இருக்க? போறதா இருந்தா போ. இல்லன்னா இந்த வூட்டுப் படிய மிதிக்காத" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவன் கிளம்பினான். ஒரு ஏஜெண்டைப் பிடித்து, கப்பல் பட்டறையில் வேலை என்று சொல்லிக்கொண்டு, சென்னைக்கு பஸ் ஏறினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூர தேசம் போகிறவர்களை நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். வெல்ல ஆலையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி, எடையைச் சொல்லி, கல்வராயன் மலைமேல் இருக்கும் குலசாமியை நினைத்து, போன எடை குறையாமல் திரும்பி வந்தால் அந்த எடைக்கு வெல்லம் தருகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். நான் பி.எட். படிக்கப் போனபோது நாற்பத்து மூன்று கிலோ. அதையே ஏதோ பெரிய எடை போல ஊர் முழுக்கச் சொன்னார்கள். தம்பி அறுபத்தெட்டு கிலோ இருந்தான். "சாமி, அறுபத்தெட்டு. ஒரு குண்டுமணி கொறையக் கூடாது" என்று அம்மா மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இரவு ஏழு மணிக்கு வீடியோ கால். எடை பார்க்கிற மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். கால் விரல்களுக்கு நடுவில் எண் தெரியும்படி ஃபோனைக் காட்டுவான். முதல் மாதம் அறுபத்தேழு. பிறகு அறுபத்தைந்து. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள்.

"இன்னாடா இப்படி எளைச்சிக்கினே போற? சோறு துண்றியா இல்லியா?"

"அய்ய, அதெல்லாம் துண்றேன்மா. இது பூமத்திய ரேகை பக்கம். பூமி சுத்துற வேகத்துல இங்க எல்லாருக்குமே வெயிட்டு கம்மியாதான் காட்டும். நெசமா இல்லியான்னு அக்காவக் கேளு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான், "ஆமாம்மா, நெசந்தான்" என்றேன்.

பொய் என்று எனக்குத் தெரியும். அறுபத்தெட்டு கிலோ ஆளுக்கு இங்கிருந்து சிங்கப்பூர் போனால் பத்து, பதினைந்து கிராம் குறையலாம். ஒரு கரண்டி சர்க்கரை. மூன்று கிலோவுக்கு பூமி பொறுப்பாகாது. ஆனாலும் சொன்னேன். ஏனென்றால் அதற்கு முன்பே எனக்குத் தனியாக ஃபோன் செய்து, "அக்கா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். தெனம் காலைல ஓடறேன், ராத்திரிக்கு சப்பாத்திதான். பொண்ணு பாக்கப் போறீங்கன்னு சொன்னியே, அதான் தொப்பையக் கொறைக்கறேன். அம்மாவுக்கு சொல்லாத, கத்தும்" என்று சொல்லியிருந்தான். எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ரகசியம். பாவம் அம்மா, படிக்காதவள், பூமி சுற்றுவதைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்துகிறோம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எடை அறுபத்துமூன்றுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பூமி சுத்துறதாலயாடி?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் நான் ஆமாம் என்றேன்.

பெண்ணையும் நான்தான் பார்த்தேன். எங்கள் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் தற்காலிக ஆசிரியை. நைனார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் நறுக்கென்று இருக்கும். முதல் வாரத்திலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அவளைத் தம்பிக்குக் கேட்டபோது அவள் வீட்டில் யோசித்தார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை, ஆளை நேரில் பார்க்கவில்லை, ஃபோனில் பார்த்தது மட்டும்தான். அவள் அப்பா என் எதிரே உட்கார்ந்து, "உங்கள நம்பித்தாங்க குடுக்கறோம்" என்றார். அவளும், "அக்கா சொன்னா சரிதான்" என்றாள். ஆவணியில் லீவில் வருகிறான், அப்போது நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். அந்த வாக்கு நான் கொடுத்த வாக்கு. அம்மா பக்கத்தில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வினை அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. ஆடி மாதம், மதிய இடைவேளை. "அக்கா, அவரு வெயிட்டு கம்மியா காட்டுதுன்னு சொல்றாரே, நெசமாவே எவ்ளோ கம்மியாவும்? நிறுத்துப் பாத்திருக்கீங்களா?" என்றாள். பதினெட்டு வருஷம் நடத்திய பாடம். ஒருநாளும் நான் நிறுத்துப் பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்றே முடிவு செய்தேன். எங்கள் ஆய்வகத்தில் நகைக்கடையில் இருப்பது போல ஒரு டிஜிட்டல் தராசு உண்டு. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். ஒரு கிலோ பித்தளைக் கல்லை அதில் வைத்தேன். 1000.00. அவளே ஃபோட்டோ எடுத்தாள். இதே தராசும் இதே கல்லும் சிங்கப்பூர் போக வேண்டும், அங்கே தம்பி நிறுக்க வேண்டும், இரண்டு படத்தையும் வகுப்பில் மாட்ட வேண்டும். தராசு மாறினால் கணக்கு மாறிவிடும், அதனால் இதுவேதான் போக வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். வருகிற வழியில், இதையே கல்வராயன் மலையிலும் நிறுத்துப் பார்த்தால் என்ன என்று ஓர் ஆசை வந்தது. உயரம் போனாலும் எடை குறையும்.

அம்மா ஒரே பிடியாக மறுத்தாள். "நிச்சயம் முடியற வரைக்கும் நீ மல ஏற மாட்டேன்னு சாமிக்கு நேந்துக்கினு இருக்கேன். ஏறாத." அவள் மட்டும் அமாவாசைக்கு அமாவாசை போய் வந்துகொண்டிருந்தாள். சாமி காரியம், நான் விட்டுவிட்டேன். தராசுக்கும் அவளே வழி சொன்னாள். "பின்னாடித் தெருவுல ஒருத்தன் லீவு முடிஞ்சி சிங்கப்பூருக்குப் போறான். நீ இஸ்கூலுக்குப் போ, நான் குடுத்தனுப்பறேன்." என் அம்மா அறிவியலுக்கு உதவி செய்கிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தம்பிக்கு ஃபோன் போட்டு, "இன்னும் நிறுக்கலியாடா? இப்பவே நிறுத்து அனுப்பு, நான் காத்துக்கினு இருக்கேன்" என்றேன். அரை மணி நேரத்தில் படம் வந்தது. ஜன்னல் ஓரத்தில் தராசு, அதன்மேல் எங்கள் பித்தளைக் கல். எண் 994.70.

எனக்கு முதலில் சந்தோஷம்தான். பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். கால் கிராம்கூடக் குறையக் கூடாது. இது ஐந்து கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. வட துருவத்திலிருந்து நடுக்கோட்டுக்குப் போனால்தான் அவ்வளவு குறையும். நம் ஊர் என்ன வட துருவமா? தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுநாளே, "அவன் கூட வேல செய்யறவன் ஊருக்கு வந்தான், குடுத்துட்டுப் போனான்" என்று அம்மா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தராசு கெட்ட கவலைதான். திங்கட்கிழமை பள்ளியில் கல்லை வைத்தேன். 1000.00. தராசு பத்தரை மாற்றுத் தங்கமாக இருந்தது.

நான் விழித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பெண் என் ஃபோனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது அக்கா?"

"சனிக்கிழமை சாயங்காலம். அஞ்சரை இருக்கும்."

"நம்ம அஞ்சரைன்னா அங்க எட்டு மணி. எட்டு மணிக்கு அங்க வெயில் அடிக்குமா?"

ஜன்னல் வழியாகச் சாய்ந்த மஞ்சள் வெயில் தராசின்மேல் விழுந்திருந்தது. கல்லின் நிழல்கூட நீளமாகத் தெரிந்தது. பூமி சுற்றுவதால் எடை குறைகிறது என்று மாதக்கணக்காகச் சொன்னவன், அதே பூமி சுற்றுவதால்தான் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் அங்கே இருட்டும் என்பதை மறந்துவிட்டான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "லைட்டு வெளிச்சமா இருக்கும்மா. அங்கெல்லாம் மஞ்ச லைட்டுதான் போடுவான்." அவள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே போய் நின்றேன்.

"அவன் எங்கம்மா இருக்கான்?"

"இன்னாடி கேள்வி? சிங்கப்பூர்ல..."

"தராச எவங்கிட்ட குடுத்த? பேரச் சொல்லு, இப்பவே அவன் வூட்டுக்குப் போறேன்."

அம்மா கீரையைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். பிறகு கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். "கரியாலூர்ல. மல மேலதான்."

சென்னையில் ஒன்பது நாள் ஒரு ரூமில் உட்கார வைத்து, விசா வரும் வரும் என்று சொல்லி, அந்த ஏஜெண்ட் ஒருநாள் ஃபோனை அணைத்துவிட்டானாம். இவனுக்கு வீட்டுக்கு வர முகம் இல்லை. மலைக்குப் போய், அருவி பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மூன்றாவது மாதம் அம்மாவைக் கோயிலுக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து அமாவாசைதோறும் அம்மா போய் வந்தது சாமியைப் பார்க்க மட்டும் இல்லை. தராசையும் சீலையில் சுற்றிக் கூடையில் வைத்து அவளேதான் மேலே கொண்டுபோயிருக்கிறாள், அவளேதான் ஞாயிற்றுக்கிழமை கீழே கொண்டுவந்திருக்கிறாள். சிங்கப்பூர் போய் வந்த தராசு!

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"போவலன்னா படிய மிதிக்காதன்னு சொன்னது யாரு?"

"கோவத்துல சொன்னா அதான் சட்டமா? வாராவாரம் ஃபோன் முன்னாடி உக்காந்து அழுதியே. பூமி சுத்துறதாலயான்னு கேட்டியே. எல்லாம் நடிப்பா?"

"அழுதது நடிப்பு இல்லடி. கட்ட வெட்டி, தண்ணி எடுத்து, காய்ச்சல்ல கெடந்து, அவன் எளைச்சது நெசந்தானே. நான் கண்ணால பாத்துக்கினு வந்து அழுதேன்."

"அந்தப் பொண்ணுக்கு நான் வாக்குக் குடுக்கும்போது பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தியே, அப்பவாவது வாயத் தொறந்தியா?"

அம்மாவுக்கு அதற்கும் பதில் இருந்தது. "கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிடும்டி. லீவுல வந்தான், திரும்பிப் போவப் புடிக்கல, இங்கயே இருக்கான்னு சொல்லிக்கலாம்னு பேசிக்கினு இருந்தோம்."

இருந்தோம். என் வீட்டில் நான் இல்லாமல் ஒரு "நாங்கள்" இருந்திருக்கிறது. நான் அம்மாவின் காதில் பூ சுற்றுவதாக நினைத்துச் சிரித்த ஞாயிற்றுக்கிழமைகளில், அவர்கள் இரண்டு பேரும் என் தலையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கென்று கொடுத்த அந்த ரகசியம், காலையில் ஓடுகிறேன், சப்பாத்தி சாப்பிடுகிறேன் என்பது, அதுவும் இருவரும் கோயில் படியில் உட்கார்ந்து எனக்காகத் தயாரித்த பொய். அம்மாவுக்குச் சொல்லாதே என்று அம்மாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். அன்று நான் சாப்பிடவில்லை. கீரை அப்படியே வாடிப்போயிற்று.

மறுநாள் பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆய்வகத்திலிருந்து தராசையும் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வாந்தி எடுத்தாள். என் கோபத்துக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. கரியாலூரில் இறங்கி விசாரித்தால், "சிங்கப்பூர்க்காரரா? அந்த விடுதிலதான்" என்று கை காட்டினார்கள். அவனுக்கு அங்கே அதுதான் பெயராம். எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். மலைமேல் அத்தனை பேருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை.

விடுதியின் பின்பக்கம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான். முழங்கால் இரண்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், கையில் தேங்காய் நாரோடு. பையிலிருந்து தராசை எடுத்து அங்கிருந்த சிமெண்ட் மேடையில் வைத்தேன். கல்லை அதன்மேல் வைத்தேன். காற்று படாமல் என் முந்தானையால் மறைத்துக்கொண்டேன். எண் ஆடி ஆடி நின்றது. 999.82.

"பாருடா" என்றேன். "மலையேறி வந்ததுல இவ்ளோதான் கம்மியாச்சு. சிங்கப்பூருக்குப் போனாலும் கிட்டத்தட்ட இவ்ளோதான் கம்மியாவும். நீ ஒண்ணுமே பண்ணாம, தராசு காட்டறத அப்படியே ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, நான் தலகீழா நின்னாலும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. இன்னாடா பண்ண?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கொஞ்சம் சாமை அரிசியைத் தராசில் போட்டு, ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் பொத்தானை அழுத்திச் சைபராக்கி, அரிசியைத் துடைத்துவிட்டு, பிறகு கல்லை வைத்திருக்கிறான். அரிசியின் எடை கழிந்து 994.70 காட்டியிருக்கிறது.

"ஏன்டா?"

"இத்தினூண்டுதான் மாறும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நீ கிளாஸ்ல கைய விரிச்சி விரிச்சிதானே சொன்ன. ஆயிரம்னா தொள்ளாயிரத்து தொண்ணூத்தி அஞ்சிக்குக் கீழ வரும்னு. 999 காட்டினா நீ நம்ப மாட்டன்னு நெனச்சேன்."

நான் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு நம்பியிருக்கிறான். என்னைத்தான் நம்பவில்லை. "வா, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஊருக்கு வந்து அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு" என்றேன். "எனக்கு தைரியம் இல்லக்கா" என்றான். "பொய் சொல்ல மட்டும் இருந்திச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கினேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மறுநாள் பள்ளிக்குப் போனதும் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, "அக்கா, கொழுக்கட்ட" என்று ஒன்றை எடுத்து என் மூடியில் வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வீட்டில் அம்மா என் காலைப் பிடிக்காத குறை. "கூடப் பொறந்தவன சந்தி சிரிக்க வச்சிடாத. நிச்சயம் ஆயிடட்டும், அப்புறம் பதமா சொல்லிக்கலாம்" என்றாள். அவள் பேச்சைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு கிடைத்தது. இன்று அவளுக்குத் தலைவலி, இன்று பரீட்சைத் தாள், இன்று ஆசிரியர் அறையில் ஆள் இருக்கிறது. உள்ளே இருந்ததைச் சொல்கிறேனே: என்னை ஏமாற்றினார்கள் என்பதைவிட, நான் ஏமாந்தேன் என்று ஊருக்குத் தெரிவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மைசூர்பாகு கொடுத்தவள் அல்லவா.

பன்னிரண்டு நாள் போயிற்று. நிச்சயத்துக்குப் புடவை எடுக்க அவள் வீட்டார் கள்ளக்குறிச்சிக்கு வரச்சொன்ன நாளுக்கு முந்தின நாள், இனிமேல் தாங்காது என்று அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். ஏஜெண்ட், கரியாலூர், அம்மா, தராசு, சாமை அரிசி, ஒன்றையும் விடவில்லை. என் வீட்டிலேயே என்னை எப்படி முட்டாளாக்கினார்கள் பார், எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"அவரு அங்க இல்லன்னு அந்தத் திங்கக்கிழமையே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றாள். "மறுநாள் நீங்க லீவு போட்டீங்க, லேப்ல தராசையும் காணோம், அவரப் பாக்கத்தான் போயிருக்கீங்கன்னும் புரிஞ்சிபோச்சு. எங்க அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல. அக்காவே வந்து சொல்லுவாங்க, அவங்க வாயால சொல்லட்டும்னு இருந்தேன். அவரு பொய் சொன்னதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல, அவர நான் நேர்ல பாத்ததுகூட இல்ல. நான் உங்களப் பாத்துத்தானே சரின்னு சொன்னேன்."

மணி அடித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுல நானே சொல்லிக்கறேன். நீங்க வரவேணாம். வரேங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.